காட்டில் எங்கள் பெயரில் ஓரிடம்

குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் எங்கள் தெருவுக்கு நீண்ட வார இறுதி வருவதை நாள்காட்டி பார்த்து அறிய வேண்டியதில்லை. வியாழன் பின்னேரமே வீடுகளின் பக்கக் கதவுகள் திறந்துவிடும். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற கரவான் வண்டிகளின் உறைகள் கழற்றப்படும். ஐஸ் பெட்டிகள், சைக்கிள்கள், மடக்குக் கதிரைகள், சுருட்டிய மெத்தைகள் எல்லாம் புல்தரையில் வந்து குவியும். எங்கேயோ தீப்பிடித்துச் சாமான்களை வெளியே இழுத்துப் போட்டதுபோல் இருக்கும்; ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான்கு அறையும் குளிரூட்டியும் ஆயுள் முழுதும் கட்டவேண்டிய கடனும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டுத் துணிக்குள் படுக்கப் போகிறவர்களை நான் இந்த நாட்டில்தான் முதலில் கண்டேன். வந்து இத்தனை வருடங்களாகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை.

பக்கத்து வீட்டு ரெறி ஓய்வுபெற்ற பிளம்பர். தன் கரவானின் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டே ஒருமுறை என்னைக் கேட்டார், நீ எப்போதாவது காம்பிங் போயிருக்கிறாயா என்று. போயிருக்கிறேன், கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்தேன் என்றேன். அவர் காற்றுப் பம்பைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு வருடமா! முழுச் சுற்றும் போனாயா?” இந்த நாட்டைக் கரையோரமாக ஒரு வட்டம் சுற்றி வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. “இல்லை, சிறீலங்காவில்” என்றேன். “அருமையான கடற்கரைகள்” என்றார். “நாங்கள் இருந்தது காட்டுப் பக்கம்.” “அது அதைவிட நல்லது” என்று சொல்லி என் தோளில் தட்டினார். அவர் முகத்தில் உண்மையான மரியாதை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரெறிக்கு நான் சொன்ன அந்த ஒரு வருடம், போர் முடிந்த பிறகு முள்கம்பிக்குள் இருந்த வருடம். காட்டை வெட்டி வெளியாக்கி, வெள்ளைக் கூடாரங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். எனக்கு இருபதுகளின் தொடக்கம். அப்பா, அம்மா, அக்கா, நான், எங்களோடு முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே கூடாரம். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்லவந்தது அதையல்ல. விடுமுறைக்குக் காட்டில் கூடாரம் அடிப்பதா, காசு கட்டித் தங்கும் கரவான் பார்க்கில் கபின் என்ற சின்ன வீடு எடுப்பதா என்று எங்கள் வீட்டில் நடந்த வாதத்தைப் பற்றித்தான். ஆனால் அந்த வருடத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

என் மனைவி வதனி கொழும்பில் வளர்ந்தவள். கூடாரத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. இங்கே ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கும் வேலை. கிருமிகளைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு அதிகம் தெரியும். ஆகவே அவளுடைய கட்சி எப்போதும் கரவான் பார்க். பூட்டுப் போடக்கூடிய ரொயிலற், சுடுதண்ணீர், கழுவித் துடைத்த பொதுக் குசினி, பிள்ளைகள் துள்ளுவதற்குக் காற்றடைத்த பெரிய தலையணை. போன வருடத் தை மாதம் தெற்குக் கரையோரத்தில் அப்படி ஒன்றுக்கு நாலைந்து தமிழ்க் குடும்பங்களாகப் போனோம். ரைஸ் குக்கர்கள் வந்தன, ஆட்டிறைச்சிக் கறி வந்தது, கரம்போட் வந்தது. மாலையானால் கடற்காற்றில் பெண்கள் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சிரித்ததைப்போல வதனி சிரித்து நான் அதிகம் கண்டதில்லை.

எனக்குத்தான் அங்கே ஏதோ சரியாக இருக்கவில்லை. வாசலில் தடுப்புக் கம்பம். உள்ளே போவதற்குக் கையில் ஒரு பட்டி கட்டினார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இலக்கம், இலக்கங்களின் வரிசைக்கு ஓர் எழுத்து. காலையில் பல் துலக்கும் தூரிகையோடு சனம் பொதுக் குளியலறை வாசலில் நின்றது. இரண்டாம் நாள் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் முகாமும் இப்படித்தான் இருந்தது. இலக்கமும் எழுத்தும் பட்டியும் வரிசையும் அதேதான். இங்கே சுடுதண்ணீர் வந்தது, நினைத்த நேரம் வெளியே போகலாம், இதற்கு நாங்கள் காசு கொடுத்திருந்தோம். வித்தியாசம் பெரிதுதான். உடம்புக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரம் எடுத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்ததும் அந்தக் கைப்பட்டியைக் கத்தரிக்கோல் தேடாமல் பல்லாலேயே கடித்து அறுத்தேன்.

இந்த வருடம் வாதத்தை முடித்துவைத்தது வங்கி. வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. பள்ளி விடுமுறைக் காலத்தில் கரவான் பார்க்கில் ஒரு கிழமைக்குக் கேட்ட காசில் யாழ்ப்பாணம் போய்வரலாம்போல் இருந்தது. அரசாங்கக் காட்டில் கூடாரம் அடிக்க அதில் ஒரு சிறு துண்டுதான் செலவு. எங்கள் மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. அவள் பள்ளித் தோழிகள் எல்லோரும் காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கும் புஷ் காம்பிங் போனவர்கள். “அம்மா, தலையணை பேபீஸுக்கு. ஐ வோண்ட் ரியல் காம்பிங்” என்றாள். வதனி கடைசியில் சம்மதித்தாள். பிறகு நாங்கள் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கூடாரம், காற்று மெத்தைகள், காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன்கள், தலையில் கட்டும் லைற்றுகள், மடக்கு மேசை, வதனியின் நிபந்தனையாக ஒரு சிறிய மடக்கு ரொயிலற். தள்ளுவண்டி நிறைந்து இரண்டாவது வண்டி எடுத்தோம். காசு கட்டிவிட்டு வெளியே வந்ததும் வதனி பற்றுச்சீட்டைப் பார்த்தாள்.

“என்னப்பா, இந்தக் காசுக்குக் கபினிலையே ராசாத்தி மாதிரி இருந்திட்டு வந்திருக்கலாம்.”

“இது ஒருக்கா வாங்கினால் காணும். வருசா வருசம் பாவிக்கலாம்.”

“வருசா வருசமோ?” என்றாள். பற்றுச்சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அந்த இடம் கடற்கரை நகரம் ஒன்றிலிருந்து உள்ளே, செம்மண் பாதையில் நெடுந்தூரம். உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களுக்கிடையில் ஓர் ஓடை. வரிசை இல்லை, இலக்கம் எழுதிய சிறு கட்டைகள் புல்லுக்குள் மறைந்து கிடந்தன. குழி ரொயிலற் ஒன்று தூரத்தில் இருந்தது. அதை ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்த வதனி, தன் மடக்கு ரொயிலற்றை வாங்கியது எவ்வளவு புத்தியான வேலை என்று சொன்னாள். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. நெருப்பு மூட்டத் தடை. கறுப்புப் பறவை ஒன்று வந்து மேசையில் இருந்த பாண் பக்கற்றைத் தூக்கிக்கொண்டு போனது. நான் கூடாரத்தை அரை மணித்தியாலத்துக்குள் அடித்து முடித்தேன். கயிறு எந்தக் கோணத்தில் இழுபட வேண்டும் என்பது கைக்கு நினைவிருந்தது. “அப்பா, யூ ஆர் ஸோ குட் அற் திஸ்” என்றாள் ஆரணி. வதனி மட்டும் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். ஆனால் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. மரங்களுக்கிடையில், வேலி இல்லாமல், அடுத்தவன் இருமல் கேட்காமல் நிற்கிற கூடாரம் எனக்குப் புதிய பொருளாகவே இருந்தது. நான் பயந்தது நடக்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

எங்களுக்கு அருகில் இருந்த இடத்தில் ட்ரேசி என்ற பெண்ணும் மகள் மேடியும் இருந்தார்கள். மேடிக்கும் ஆரணியின் வயதுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பகலுக்குள் ஓடையில் அணை கட்டி, சண்டை பிடித்து, சமாதானமாகிவிட்டார்கள். ட்ரேசிக்கு நாற்பது இருக்கலாம். வெயிலில் வெளுத்த தலைமயிர், எப்போதும் வேகமான நடை. வதனி மீன் ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். ட்ரேசி அடுத்த நாள் அந்தத் தட்டை எலுமிச்சைக் கேக்கோடு திருப்பிக் கொடுத்தாள். காட்டுக்குள் எப்படிக் கேக் போட்டாள் என்று வதனிக்கு ஆச்சரியம். எவ்வளவு நாள் விடுமுறை என்று நான் கேட்டேன். “அது பார்க்க வேண்டும். வீ ஆர் பிற்வீன் பிளேசஸ்” என்றாள். இரண்டு ஊர்களுக்கிடையில் பயணம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, எங்கேயிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “நல்ல கேள்வி” என்றாள்.

“பாருங்கோ, எவ்வளவு லீவு எடுத்து நிக்கினம். இந்தச் சனத்துக்குத்தான் வாழத் தெரியும்” என்றாள் வதனி. ட்ரேசி காலையில் காரில் போய்ப் பின்னேரம் வருவதை அவள் கடைக்குப் போய் வருவதாக நினைத்திருந்தாள். போகும்போது மேடியை எங்களோடு விட்டுப் போகலாமா என்று கேட்டபோதும் அதில் எதையும் காணவில்லை. நானும் முதல் இரண்டு நாள் காணவில்லை. மூன்றாம் நாள் காலை தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது ட்ரேசி தன் கூடாரத்துக்கு முன்னால் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காட்டுக்குள், இலை கொட்டிக்கொண்டேயிருக்கும் மரத்தடியில், வாசல் என்று ஒரு சதுரத்தை அவள் தன் மனதில் கீறி வைத்திருந்தாள். அந்தச் சதுரத்தைத் தாண்டி விளக்குமாறு போகவில்லை. அதன் ஓரத்தில் சப்பாத்துகள் சோடி சோடியாக இருந்தன. ஒரு வாளியில் புதினா நட்டிருந்தது. கொடியில் நீல நிற வேலைச் சட்டை ஒன்று, மார்பில் ஏதோ பெயர் தைத்தது, கொழுவி விட்டிருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் எதையும் போட்டது போட்டபடி விடுவார்கள். எங்கள் கூடாரத்தைச் சுற்றி ஈரத் துவாயும் சிப்ஸ் பக்கற்றும் செருப்பும் இறைந்து கிடந்தன. போக ஒரு வீடு இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். முகாமில் அம்மா செய்த முதல் வேலை கூடாரத்து வாசலைக் கூட்டியதுதான்.

“வதனி, அவை இஞ்ச இருக்கினம்” என்றேன்.

“இஞ்சதானே இருக்கினம்.”

“அப்பிடியில்லை. இருக்கினம். அவைக்கு வீடு இல்லை.”

வதனி திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்பது அவள் கேக் தட்டை எடுத்துக் கழுவிய விதத்தில் தெரிந்தது. அது ஏற்கெனவே கழுவிய தட்டு.

மிச்சத்தைச் சொன்னது பிள்ளைகள். அன்று மத்தியானம் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரணி போன வருடம் தாங்கள் போன கரவான் பார்க்கைப் பற்றிச் சொன்னாள். கடலுக்கு முன்னால், பெரிய துள்ளும் தலையணை உள்ளது என்று. மேடி அதன் பெயரைச் சொல்லி, அதுவா என்று கேட்டாள். அதேதான். “நான் அங்கேதான் இருக்கிறேன். ஸ்கூல் லீவு முடியும்வரைக்கும்தான் இங்கே” என்றாள் மேடி, வெகு சாதாரணமாக. ஆரணிக்குப் பொறாமை. “யூ லிவ் தெயர்? எவ்ரி டே?” வதனியும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரு வருடத்தில் பெரும்பகுதி அந்த இடத்தைக் கிழமை வாடகைக்குக் கொடுப்பார்கள். விடுமுறைக் காலம் வந்தால் எங்களைப் போன்றவர்கள் அதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டு வருவோம். கிழமை வாடகைக்காரர்கள் அதற்கு முன் தங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆட்டிறைச்சிக் கறியோடு நாங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் புல்தரையிலிருந்து யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. ட்ரேசிக்கு அன்று வேலை நாளில்லை. காலை பத்து மணிபோல அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். அவர் ட்ரேசியோடு கதைப்பது எங்களுக்குக் கேட்டது. ஒருவர் தொடர்ந்து தங்கக்கூடிய காலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறதாம். அது முடிந்துவிட்டதாம். வேறொரு காட்டுக்குப் போகலாம் என்றார். அது இரண்டு மணித்தியால ஓட்டம் என்றும் அவரே சொன்னார். ட்ரேசி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “எனக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது” என்றாள். “எனக்குத் தெரியும். சட்டத்தை நான் எழுதவில்லை” என்றார் அவர்.

நான் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வதனி யோசிக்கவில்லை. கையில் இருந்த வெங்காயத்தையும் கத்தியையும் மேசையில் வைத்துவிட்டு நேரே நடந்து போனாள்.

“தே ஆர் வித் அஸ்” என்றாள்.

ரேஞ்சர் திரும்பினார். “மன்னிக்கவும்?”

“எங்களுடைய ஆட்கள். எங்கள் இடத்துக்குத்தான் வந்தவர்கள். தவறான இடத்தில் கூடாரம் அடித்துவிட்டார்கள். இப்போது மாற்றுவோம்.”

“குடும்பமா?”

“குடும்பம்தான்.”

அவர் வதனியின் பொட்டைப் பார்த்தார். ட்ரேசியின் வெளுத்த தலைமயிரைப் பார்த்தார். ஓடைக்குள் இடுப்பளவு சேற்றோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் மட்டும் சேற்றில் ஒரே நிறமாக இருந்தார்கள். பிறகு தன் கையில் இருந்த கருவியில் எங்கள் பதிவைத் தேடினார். “உங்கள் இடத்தில் இன்னும் ஆட்களுக்கு இடம் இருக்கிறது. கட்டைகளுக்கு உள்ளே கூடாரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்போலும். வந்தது கோபம். “நான் உங்களிடம் கேட்கவில்லையே” என்றாள் ட்ரேசி. அவள் கழுத்து சிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் கோபத்துக்குப் பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் இன்றைக்கும் வராது. நான்தான் சொன்னேன், எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை. “நீ வாசலைக் கூட்டுகிறாய். நாங்களும் கூட்டினோம்.” எங்கே என்று கேட்டாள். சொன்னேன். ரெறிக்குச் சொல்லாததையும் சேர்த்து, சுருக்கமாகச் சொன்னேன். அவள் தன் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

“எப்படி வெளியே வந்தாய்?”

“ஒருநாள் கேற்றைத் திறந்துவிட்டார்கள்.”

அவள் மரங்களைச் சுற்றிப் பார்த்தாள். “இங்கே கேற்றே இல்லை. திறப்பதற்கு எதுவும் இல்லை” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து கூடாரத்து முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். நான் மறுபக்கம் போய்ப் பிடுங்கினேன். மத்தியானத்துக்குள் அவளுடைய கூடாரம் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றது. நாங்கள் நின்ற மிச்ச நாட்களில் அவள் எங்கள் சமையலைச் சாப்பிட்டாள், மூக்கு வழிந்தாலும் விடவில்லை. நாங்கள் இறைத்துப் போட்டதையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தாள். முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை என்றும், இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார் என்றும், வீடு தேடிப் போகும் இடமெல்லாம் முன்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறதென்றும் துண்டு துண்டாகச் சொன்னாள். கொழும்பில் வசதியாக இருந்தவள், இந்த நாட்டுக்கு வந்தும் வசதியாக இருக்க விரும்பியவள் வதனி. அவள்தான் அந்த நாட்களில் ட்ரேசியோடு அதிகம் கதைத்தாள். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது.

புறப்படும் நாளில் வதனி மடக்கு ரொயிலற்றைக் காரில் ஏற்றவில்லை. தண்ணீர்க் கேன்களையும் எங்கள் பெரிய கூடாரத்தையும் ட்ரேசிக்கு விடலாம், ஏற்ற வேண்டாம் என்றாள். நகரத்துக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ட்ரேசியும் மேடியும் அதிலேயே இருக்கட்டும் என்று எங்கள் பதிவைப் பள்ளி விடுமுறை முடியும் நாள்வரைக்கும் நீட்டினாள். அந்த இடத்துக்கு யாரும் போட்டி போடவில்லை. அங்கே சுடுதண்ணீர் இல்லையல்லவா.

அதன்பிறகு நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தோம். நான் கிடங்கு வேலைக்குப் போனேன், ஆரணிக்குப் புதுப் பள்ளிச் சீருடை வாங்கினோம், வதனி சுடுதண்ணீரில் நெடுநேரம் குளித்தாள். ஆனால் காட்டு நிர்வாகத்தின் கணக்கில் நாங்கள் மூவரும் இன்னும் அந்த ஓடைக் கரையில்தான். அங்கே காற்றுக் கடுமையாக வீசலாம் என்று எனக்குத் தகவல் வரும். மரக்கிளைகளுக்குக் கீழே கூடாரம் அடிக்காதீர்கள் என்று வரும். நான் ஓட்டுக் கூரைக்குக் கீழே சோறு சாப்பிட்டுக்கொண்டு அதை வாசிப்பேன். ட்ரேசிக்கு அனுப்பினால் அவள் ஊருக்குள் வந்த பிறகுதான் கிடைக்கும். “சின்ன ஈரம்தான், பரவாயில்லை” என்று பதில் வரும். அந்தப் பதில் வரும்வரைக்கும் வதனி தொலைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்திருப்பாள்.

பள்ளி தொடங்குவதற்கு முன் ட்ரேசிக்குக் கரவான் பார்க்கில் பழைய கிழமை வாடகை இடம் திரும்பக் கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. அடுத்த மார்கழி விடுமுறைக்கு மறுபடியும் இடத்தைவிட்டு எழும்ப வேண்டியிருக்கும். கூடாரத்தை மடித்து வைத்திருக்கிறேன், எப்போது வந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள். வைத்திருக்கச் சொன்னோம்.

எங்கள் பதிவு முடிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கடைசித் தகவல் வந்தது. தங்கியதற்கு நன்றி; உங்கள் பொருட்கள் எதையும் விட்டுவிடாதீர்கள்; முகாமைவிட்டு வெளியேறிவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை என்று ஒன்றை அழுத்த வேண்டும். வதனி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஓம் எண்டு அமத்துங்கோவன்.”

“அமத்திறன்” என்றேன். கை ஈரமாக இருந்தது. பதிலை அழுத்தாமலே தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வாளியில் மிச்சமிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடத் தொடங்கினேன்.